இன்சுலினா, முட்டையா, பாலா? தங்கச்சியின் ஆய்வுக்கு ஒரு புரதம் தேடிய கதை

போன மாதம் சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். பொகவந்தலாவைக்கு மேலே, பஸ் நிற்கும் இடத்திலிருந்து இன்னும் இரண்டு மைல் ஏற வேண்டிய தோட்டம். சித்தி மகள் கெம்பஸ் விடுமுறையில் வந்திருந்தாள். நான்காம் ஆண்டு ஆய்வுக்குத் தலைப்புக் கொடுக்க அவளுக்கு ஐந்து நாள்தான் மிச்சம். புரதங்கள் திரளும் தாக்கவீதம் என்று மேடம் பொதுவாகச் சொல்லிவிட்டார். எந்தப் புரதம், எப்படி அளப்பது என்பதை நீயே யோசித்துக்கொண்டு வா என்றும் சொல்லி அனுப்பிவிட்டார். கொப்பியின் கடைசிப் பக்கத்தில் நாலு பெயர் எழுதி வைத்திருந்தாள்: அமிலோயிட் பீட்டா, லைசோசைம், பால் கேசின், இன்சுலின்.

"அண்ணே, நீங்களும் இதத்தானே செஞ்சீங்க. ஒண்ணச் சொல்லிடுங்க, எழுதிக் குடுத்திடுறேன்."

செய்தது உண்மை. செய்து சொதப்பியதும் உண்மை. இப்போது ஹற்றன் பக்கம் ஒரு பாடசாலையில் உயர்தர வகுப்புக்கு இரசாயனம் படிப்பிக்கிறேன். அன்று இரவு அடுப்படியில் உட்கார்ந்து அவளோடு பேசியதைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன். இதே குழப்பத்தில் இன்னும் சில பிள்ளைகள் இருப்பார்கள்.

முதலில் எதை அளக்கப் போகிறோம் என்று பார்ப்போம். மடிந்து ஒழுங்காக இருக்கும் ஒரு புரதம் சூட்டிலோ அமிலத்திலோ கொஞ்சம் அவிழ்ந்தால், உள்ளே மறைந்திருந்த ஒட்டும் பகுதிகள் வெளியே வரும். சில புரதங்கள் அப்போது ஒன்றோடொன்று வரிசையாக அடுக்கி நீண்ட நாராகிவிடும். அதுதான் அமிலோயிட் நார். அல்சைமர் நோயாளியின் மூளையில் படிவதும், பார்க்கின்சன் நோயில் படிவதும், இரண்டாம் வகை நீரிழிவில் கணையத்தில் படிவதும் வெவ்வேறு புரதங்கள். ஆனால் நாரின் அடிப்படைக் கட்டு ஒன்றுதான். நேரத்துக்கு எதிராக நாரின் அளவை வரைந்தால் வரைபு முதலில் தரையோடு கிடக்கும், அப்புறம் செங்குத்தாக ஏறும், கடைசியில் மட்டமாகும். இந்த வளைவைப் பார்த்ததும் எல்லோரும் கேட்கும் கேள்வி, "தொடக்கத் தாமதம் எத்தனை மணி?" நானும் அதைத்தான் கேட்டேன். அது தப்பான கேள்வி.

தாமதக் காலத்தில் குழாய்க்குள் ஒன்றும் நடக்கவில்லை என்று நினைக்கக் கூடாது. நார்கள் உண்டாகிக்கொண்டுதான் இருக்கும். நம்முடைய கருவிக்குத் தெரியும் அளவுக்கு வந்திருக்காது, அவ்வளவுதான். கேட்க வேண்டியது வேறு: புதிய நார் எங்கிருந்து பிறக்கிறது? அதற்கு மூன்று வழி உண்டு. வெறும் மண்ணில் விதை தானே முளைப்பது போல, கரைசலில் தனித்தனியாகத் திரியும் மூலக்கூறுகள் தாமாகச் சேர்ந்து கருவாகலாம். இது முதனிலைக் கருவாக்கம். ஏற்கெனவே இருக்கும் நாரின் பக்கத்திலேயே புதிய கரு உண்டாகலாம், வாழையடி வாழையாகக் கன்று விடுவது போல. இது துணைநிலைக் கருவாக்கம். மூன்றாவது, முருங்கைக் கொம்பை ஒடித்து நட்டால் அது இன்னொரு மரமாவது போல, நார் முறிந்து ஒன்று இரண்டாவது. மூன்றிலும் நாரின் நுனி நீளும் வேலை பொதுவானது.

ஒற்றை வளைவை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் இந்த மூன்றில் எது என்று தெரியாது. மூன்று கதைக்கும் ஏறக்குறைய ஒரே வளைவைப் பொருத்திவிடலாம். செறிவை மாற்றினால்தான் குட்டு வெளிப்படும். பாதிப் புரதம் நாராக எடுக்கும் நேரத்தை அரைநேரம் என்று வைத்துக்கொள்வோம். செறிவின் மடக்கைக்கு எதிராக அரைநேரத்தின் மடக்கையை வரைந்தால் ஒரு நேர்கோடு வரும். அதன் படித்திறன்தான் நமக்கு வேண்டிய துப்பு. முறிவுதான் பெருக்குகிறது என்றால் படித்திறன் -0.5. இரண்டு மூலக்கூறு சேர்ந்து கருவாகும் முதனிலைக் கருவாக்கம் என்றால் -1. அதே இரண்டு மூலக்கூறு நாரின் பக்கத்தில் சேர்ந்து கருவானால் -1.5. அதாவது செறிவை இரட்டிப்பாக்கும்போது அரைநேரம் முதல் கதையில் 1.4 மடங்கு குறையும், இரண்டாவதில் பாதியாகும், மூன்றாவதில் 2.8 மடங்கு குறையும். ஆய்வுகூடத்தில் பிடிக்கக்கூடிய வித்தியாசம்தான் இது.

இந்தச் சிந்தனை புதிதல்ல. 1960களில் ஜப்பானில் புமியோ ஊசாவா தசைப் புரதமான அக்டினுக்கு இப்படிக் கணக்குப் போட்டார். 1974இல் அமெரிக்காவில் ஹொப்ரிக்டர், ரொஸ், ஈட்டன் மூவரும் அரிவாள் உருச் செங்குழிய நோயின் ஈமோகுளோபின் உறையும் நேரத்தை அளந்தபோது, அது செறிவின் ஏறத்தாழ 30ஆம் அடுக்கோடு மாறியது. படித்திறன் -30! உயர்தரத்தில் தாக்கவரிசை 2க்கு மேல் போனாலே சிரிக்கும் பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். நார் முறிவதையும் சேர்த்துக் கணிதத்தைக் கையால் எழுதக்கூடிய ஒரு சமன்பாடாகச் சுருக்கியது 2009இல் கேம்பிரிஜில் நோல்ஸ் குழு.

ஆகவே தங்கச்சிக்கு நான் வைத்த அளவுகோல் இதுதான்: ஒரே பகலில், ஒரே சூட்டில், பல செறிவுகளில், ஒவ்வொன்றையும் மூன்று தரமாவது செய்யக்கூடிய புரதம் எது? நோயோடு எவ்வளவு நெருக்கம், பெயர் எவ்வளவு கவர்ச்சி என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

இந்த அளவுகோலை வைத்ததும் அமிலோயிட் பீட்டா விழுந்துவிட்டது. அல்சைமர் என்று தலைப்பில் வந்தால் எல்லோரும் நிமிர்ந்து பார்ப்பார்கள். தங்கச்சியும் அதற்காகத்தான் முதலில் எழுதியிருந்தாள். 42 அமினோ அமிலம் கொண்ட இந்தச் சின்னப் புரதத்தில் 2013இல் கேம்பிரிஜ், லுண்ட் குழுக்கள் சேர்ந்து செய்த வேலை இந்தத் துறையின் அழகான வேலைகளில் ஒன்று. படித்திறன் சுமார் -1.3 வந்தது, நாரின் பக்கத்தில்தான் பெரும்பாலான புதிய கருக்கள் பிறக்கின்றன என்று காட்டினார்கள். ஆனால் அந்த வளைவுகள் அவ்வளவு துல்லியமாக வந்ததற்குக் காரணம், ஒவ்வொரு தரமும் பரிசோதனைக்குச் சற்று முன் புரதத்தை நிரலில் ஓட்டி, (மூலக்கூறுகளைப் பருமன் வாரியாகப் பிரிக்கும் குழாய் அது) தனி மூலக்கூறை மட்டும் பிரித்து, பனிக்கட்டியில் வைத்து எடுத்ததுதான். போத்தலில் வாங்கிய தூளை அப்படியே கரைத்தால் அதற்குள்ளேயே குட்டி நார்கள் இருக்கும். அவையே விதையாகி எல்லாவற்றையும் குழப்பும். விலையும் கையைக் கடிக்கும். ஒரு வருட ஆய்வுக்கு இது வேண்டாம் என்று ஒரே வரியில் அடித்தோம்.

லைசோசைம் கதை கொஞ்சம் நீளம், ஏனென்றால் அது என் கதை.

கோழிமுட்டையின் வெள்ளைக்கருவில் இருக்கும் நொதியம், 129 அமினோ அமிலம். மலிவு. கிராம் கணக்கில் கிடைக்கும், எத்தனை தரம் பிழைத்தாலும் திரும்பச் செய்யலாம். பி.எச் 2இல், 60 பாகை செல்சியஸுக்குப் பக்கத்தில் வைத்தால் நார் வரும். குறை ஒன்றுதான்: நாள்கணக்கில் எடுக்கும். என் பரிசோதனை பத்து நாள் ஓட வேண்டியது. நான் தொடங்கியது 2022 மார்ச் நடுவில். அந்த மாதக் கடைசியில் நாடு முழுக்க ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் போனது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். விடுதியிலிருந்து ஓடிப்போய்ப் பார்த்தால் வாட்டர் பாத்தில் தண்ணீர் கை வைக்கும் சூட்டில் இருந்தது. அடுத்த நாள் திரும்பச் சூடேற்றி, ஆறிய நேரத்தைக் கழித்துவிட்டால் சரிதானே என்று ஒரு கணக்குப் போட்டேன். வளைவு படிக்கட்டு மாதிரி வந்தது. அந்தக் கழித்தல் ஏன் செல்லாது என்று இப்போது புரிகிறது. கரு உண்டாவதற்கும் நார் நீள்வதற்கும் ஏவற்சக்தி, அதாவது தாக்கம் நடக்கத் தாண்ட வேண்டிய சக்தித் தடை, வேறு வேறு. ஆறும்போது இரண்டும் ஒரே விகிதத்தில் மெதுவாகாது. கடிகாரத்தை நிறுத்தி வைத்ததாக நினைத்தேன். உண்மையில் வேறு ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

கரண்ட் மேல் மட்டும் பழி போட்டு நானும் சில காலம் நிம்மதியாக இருந்தேன். பிறகு வாசித்தபோதுதான் பெரிய ஓட்டை தெரிந்தது. சூடான அமிலத்தில் நாள்கணக்கில் கிடக்கும் லைசோசைம் முழுசாக இருப்பதில்லை. அஸ்பார்டிக் அமிலம் இருக்கும் இடங்களில் சங்கிலி மெல்ல வெட்டுப்படும்; வெட்டுப்பட்ட துண்டுகள்தான் பெரும்பாலும் நாரில் சேரும். அப்படியானால் நான் அளந்த தாமதம் கருவாக்கத்தினுடையதா, அமிலம் வெட்டும் வேகத்தினுடையதா? கரண்ட் போகாமல் இருந்திருந்தாலும் என்னால் பதில் சொல்லியிருக்க முடியாது. புரதத்தை அவிழ்க்கும் குவனிடீன் போட்டு நடுநிலைக்குக் கிட்டிய பி.எச்சில் கலக்கிக்கொண்டே செய்தால் இந்தத் தொல்லை குறையும், நேரமும் குறையும். ஆனால் கலக்கும் வேகமே நாரை முறிக்கும். அப்புறம் முறிவைத் தவிர வேறொன்றும் தெரியாது. முட்டையும் போனது.

பால் விஷயத்தில் நான் கொஞ்சம் பாரபட்சம் உள்ளவன் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அம்பேவளைப் பக்கம் போனால் மாடும் பாலும்தான் கண்ணில் படும். நம்முடைய ஊர்ப் பொருள். அதோடு மாணவருக்குக் கண்ணால் பார்க்கக் கிடைக்கும் தாக்கம். பாலில் இருக்கும் புரதத்தில் ஐந்தில் நாலு பங்கு கேசின். அது சின்னச் சின்ன உருண்டைகளாக மிதக்கிறது. உருண்டையின் மேலே மயிர் போல நீட்டிக்கொண்டிருக்கும் கப்பா கேசின்தான் ஒன்றோடொன்று ஒட்டவிடாமல் தடுப்பது. சீஸ் செய்யப் பயன்படும் ரெனட்டில் உள்ள கைமோசின் நொதியம் அந்த மயிரை ஒரே ஒரு பிணைப்பில், 105ஆம் 106ஆம் அமினோ அமிலங்களுக்கு நடுவில், வெட்டிவிடும். வெட்டி முடிந்த உருண்டைகள் மோதி ஒட்டும், பால் உறையும்.

இங்கேயும் தாமதம் உண்டு. ரெனட் போட்டதும் பால் அப்படியே இருக்கும், திடீரென்று குழாயின் சுவரில் பொட்டுப் பொட்டாகத் தெரியும். நாரின் வளைவு போலவேதான். ஆனால் காரணம் முற்றிலும் வேறு. மயிரில் ஐந்தில் நாலு பங்குக்கு மேல் வெட்டுப்படும் வரை உருண்டைகள் ஒட்டாது, அதுதான் தாமதம். கருவும் இல்லை, கன்றும் இல்லை. நொதியத்தை இரட்டிப்பாக்கினால் உறையும் நேரம் ஏறத்தாழப் பாதியாகும், மடக்கை வரைபில் படித்திறன் -1. புரதத்தின் செறிவை மாற்றியா, நொதியத்தின் செறிவை மாற்றியா வரைந்தது என்று கவனிக்காமல் யாராவது இதைப் பார்த்தால், "ஆகா, முதனிலைக் கருவாக்கம்" என்று எழுதிவிடுவார்கள்.

இன்னொரு விநோதம். சுமார் 15 பாகைக்குக் கீழே ரெனட் மயிரை வெட்டிக்கொண்டே இருக்கும், ஆனால் பால் உறையாது. நுவரெலியாவில் ஆண்டுச் சராசரி வெப்பநிலையே ஏறத்தாழ 16 பாகை. தை மாதக் காலையில் அங்கே ஒரு வகுப்பறையில் ரெனட் போட்ட பாலை மேசையில் வைத்தால் அது உறையாமல் கிடக்கும். சுடுநீரில் வைத்ததும் சட்டென்று கட்டும். வெட்டுவதும் ஒட்டுவதும் தனித்தனித் தாக்கங்கள் என்று காட்ட இதைவிட நல்ல செய்முறை எனக்குத் தெரியாது. ஆனால் தங்கச்சிக்கு வேண்டியது நார், அதன் கருவாக்கம். மேடம் கேட்டதும் அதுதான். பாலை வைத்து எழுதினால் நல்ல ஆய்வாக இருக்கும், வேறு தலைப்பில்.

மிஞ்சியது இன்சுலின். மிஞ்சியதால் எடுத்தோம் என்று நினைக்க வேண்டாம். முதலிலேயே என் மனம் அங்கேதான் இருந்தது.

51 அமினோ அமிலம், இரண்டு சங்கிலி. அமிலத்தில், 60 பாகையில், மில்லிலீற்றருக்கு ஓரிரு மில்லிகிராம் செறிவில் மணிக்கணக்கில் நாராகிவிடும், நாள்கணக்கில் அல்ல. காலை எட்டு மணிக்குத் தொடங்கினால் பின்னேரத்துக்குள் ஒரு வளைவு கையில் இருக்கும். கரண்ட் போவதற்குள் முடிக்கலாம் என்பது நம் ஊரில் சின்ன விஷயமல்ல. நோயோடும் தொடர்பு இருக்கிறது: ஒரே இடத்தில் நெடுங்காலம் ஊசி போடும் சில நீரிழிவு நோயாளிகளுக்குத் தோலுக்கடியில் இன்சுலின் நாரே கட்டியாகிவிடும். அந்த இடத்தில் போடும் மருந்து சரியாக உடம்பில் சேராது. எங்கள் பாட்டிக்கு ஒவ்வொரு தரமும் இடம் மாற்றிப் போடச் சொல்லி தாதி வற்புறுத்துவார். காரணங்களில் இதுவும் ஒன்று.

பாட்டி என்றதும் தங்கச்சிக்கு ஒரு யோசனை வந்தது. பாமசியில் விற்கும் குப்பியையே பயன்படுத்தினால் என்ன? கணக்குப் பார்த்தால் மோசமில்லை. ஓர் அலகு இன்சுலின் 0.0347 மில்லிகிராம். மில்லிலீற்றருக்கு 100 அலகு உள்ள 10 மில்லிலீற்றர் குப்பியில் சுமார் 35 மில்லிகிராம் இருக்கும். ஆனால் அதற்குள் நாகமும் (துத்தநாகம்) கிரெசோலும் கிளிசரோலும் சேர்ந்திருக்கும். அவற்றில் நாகமும் கிரெசோலும் இன்சுலினை ஆறு ஆறாகச் சேர்த்து நிலையாக வைத்திருக்கும். திரளாமல் இருக்கத் தயாரித்த பொருளை எடுத்து, திரளும் வேகத்தை அளப்பது பைத்தியக்காரத்தனம். கூழ்பிரிப்பு செய்து எல்லாவற்றையும் கழுவலாம், அது இன்னொரு வேலை. அதற்கும் மேலே, 2022இல் மருந்துத் தட்டுப்பாட்டில் பாட்டிக்கு ஒரு குப்பிக்காக நாங்கள் அலைந்த அலைச்சல் எனக்கு மறக்கவில்லை. நல்ல மருந்தை வாட்டர் பாத்தில் போட எனக்கு மனம் வராது. ஆய்வுக்கென்று விற்கும் மாட்டு இன்சுலின் தூள் போதும்.

அமிலம் எது என்பதிலும் ஒரு தேர்வு இருக்கிறது. ஐதரோகுளோரிக் அமிலத்தில் இன்சுலின் பெரும்பாலும் சோடி சோடியாக இருக்கும். அந்தச் சோடி எந்த அளவில் பிரிந்திருக்கிறது என்பது செறிவோடு மாறும், நம் படித்திறனையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும். 20 சதவீத அசற்றிக் அமிலத்தில் அது பெரும்பாலும் தனி மூலக்கூறாக இருக்கும். படித்திறனை நம்ப வேண்டும் என்றால் இதுதான் சரி. ஆய்வுகூடம் முழுக்க வினாகிரி மணக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

சூட்டிலும் கவனம் வேண்டும். ஏவற்சக்தி மோலுக்கு 100 கிலோஜூல் என்று வைத்துப் பார்த்தால், 60 பாகைக்குப் பக்கத்தில் ஒரு பாகை தவறினாலே வேகம் சுமார் 11 சதவீதம் மாறிவிடும். வாட்டர் பாத்தின் ஓரத்தில் இருக்கும் குழாயும் நடுவில் இருக்கும் குழாயும் ஒரே சூட்டில் இருக்கின்றனவா என்று முதல் நாளே வெப்பமானி வைத்துப் பார்த்துவிட வேண்டும். கருவியின் முகப்பில் காட்டும் எண்ணை நம்பக் கூடாது.

சரி, எப்படி அளப்பது? அவளுடைய பிரிவில் 96 குழித் தட்டை வாசிக்கும் கருவி இல்லை. ஒரு குவளை மட்டும் வைக்கக்கூடிய பழைய புளோரொளிர்வுமானி ஒன்றும், கரைசல் ஒளியை எவ்வளவு மறிக்கிறது என்று காட்டும் ஸ்பெக்ட்ரோ ஒன்றும் உண்டு. ஸ்பெக்ட்ரோவில் கலங்கல் தன்மையை அளப்பதுதான் சுலபம்: சாயம் வேண்டாம், கரைசல் மங்கினால் எண் ஏறும். ஆனால் அந்த எண் நாரின் நிறையைச் சொல்லாது. ஒளி சிதறுவது துகளின் பருமனைப் பொறுத்தது. ஒரே நிறை நார், கட்டியாக ஒட்டிக் கிடந்தால் ஒரு எண், பரவிக் கிடந்தால் இன்னொரு எண். கனத்த கட்டிகள் அடியில் படிந்தால் எண் இறங்கவே இறங்கும், நார் கரைந்துவிட்டதோ என்று தோன்றும். துணைச் சாட்சியாக மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

முதன்மைச் சாட்சி தயோபிளேவின்-டி சாயம். 1959இலிருந்தே திசுக்களில் அமிலோயிட்டைக் காட்டப் பயன்படுகிறது. கரைசலில் அளவறிய 1989இல் ஜப்பானில் நைக்கி குழு கொண்டுவந்தது. நாரில் ஒட்டியதும் 440 நானோமீற்றருக்குப் பக்கத்து ஒளியை வாங்கி 480க்குப் பக்கத்தில் பளீரென்று ஒளிரும். தட்டுக் கருவி இருப்பவர்கள் சாயத்தைப் புரதத்தோடு சேர்த்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம். தங்கச்சிக்கு அந்த வசதி இல்லை என்பது ஒருவகையில் நல்லதாகப் போய்விட்டது. அவள் குறித்த நேரத்தில் குழாயை எடுத்துப் பனியில் வைத்து, அதிலிருந்து 10 மைக்ரோலீற்றரை 2 மில்லிலீற்றர் நடுநிலைச் சாயக் கரைசலில் விட்டு வாசிப்பாள். சாயம் தாக்கத்துக்குள் இல்லாததால் தாக்கத்தைத் தொந்தரவு செய்யாது. அமிலத்தில் சாயம் மங்குமே என்ற கவலையும் இல்லை. ஒரே குழாயைத் திரும்பத் திரும்பத் திறந்து உறிஞ்சக் கூடாது; காற்றுக் குமிழியும் அசைவும் தாமே கரு உண்டாக்கும். ஒவ்வொரு நேரத்துக்கும் தனிக் குழாய்.

இந்த இடத்தில்தான் அவள் தன் உண்மையான ஆசையைச் சொன்னாள்.

"அண்ணே, இன்சுலின் மட்டும்னா எல்லாரும் செஞ்சதுதானே. நம்ம தேயிலைச் சாறு போட்டுப் பாக்கட்டா? நார் வராம நிப்பாட்டினா எவ்வளவு நல்லா இருக்கும்!"

அந்த ஆசையை எனக்கும் விளங்கும். அம்மா, சித்தி எல்லோரும் கொழுந்து பறித்த மலை. 2008இல் பெர்லினில் ஒரு குழு, பச்சைத் தேயிலையில் உள்ள ஈ.ஜீ.சீ.ஜீ என்ற கட்டெக்கின், அமிலோயிட் பீட்டாவையும் பார்க்கின்சன் நோயின் புரதத்தையும் நாராக விடாமல் வேறு வகைத் திரளாகத் திருப்பிவிடுகிறது என்று காட்டியது. ஆகவே கேள்வியில் பழுதில்லை. ஆனால் நம் பெக்டரிகளில் பெரும்பாலும் நடப்பது கருந்தேயிலை. கொழுந்தை ரோலரில் முறுக்கி, பரப்பி, காற்றுப் படவிடும்போது இலையின் நொதியமே கட்டெக்கினை ஒட்சியேற்றி தியபிளேவினாகவும் தியரூபிஜினாகவும் மாற்றிவிடும். நமக்குப் பிடித்த நிறமும் கடுப்பும் அப்படி வருவதுதான். ஆக, கருந்தேயிலைச் சாறு என்றால் அது ஈ.ஜீ.சீ.ஜீ பரிசோதனை அல்ல, எது வேலை செய்தது என்று பெயர் சொல்ல முடியாத ஒரு கலவை.

அதைவிட ஆபத்து சாயத்தில் இருக்கிறது. தேயிலைச் சாறு தானே மஞ்சள், கபிலம். 440 நானோமீற்றர் ஒளியைக் குடித்துவிடும். கட்டெக்கின் போன்ற பொலிபீனோல்கள் சாயம் ஒட்ட வேண்டிய இடத்தில் தாம் ஒட்டிக்கொள்ளவும் கூடும். இரண்டிலும் எண் குறையும். நார் அப்படியே இருக்கும், நாம் "தடுத்துவிட்டோம்" என்று எழுதுவோம். மஞ்சளில் உள்ள குர்க்குமினில் இப்படிப் போலி முடிவு வரும் என்று 2009இலேயே எச்சரித்திருக்கிறார்கள். அப்படியும் இன்றுவரை மூலிகைச் சாறு போட்டு ஒளி குறைந்ததை மட்டும் வைத்து எழுதுவது நிற்கவில்லை. எனக்கு அதில் கோபமே உண்டு.

போலியைப் பிடிக்க ஒரு எளிய சோதனை இருக்கிறது. முதலில் தேயிலை இல்லாமல் நாரை முழுதாக வளர விட வேண்டும். சாயத்தோடு வாசித்துவிட்டு, அதே குவளையில் தேயிலைச் சாற்றை விட்டு உடனே திரும்ப வாசிக்க வேண்டும். வளர்ந்து முடிந்த நார் ஒரு நிமிடத்துக்குள் கரைந்து போகாது. எண் அப்போதும் சட்டென்று விழுந்தால், விழுந்தது சாயத்தின் ஒளிதான். அவளுடைய முறையில் மாதிரி 200 மடங்கு ஐதாவதால் இந்தத் தொல்லை பெரிதும் குறையும், ஆனால் சோதிக்காமல் விடக் கூடாது. கலங்கல் தன்மையையும் கூடவே பார்த்தால், சாயம் சொல்வதற்கு இன்னொரு சாட்சி கிடைக்கும்.

கடைசியில் பேசியது தரவை என்ன செய்வது என்று. ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு வளைகோட்டைப் பொருத்தி "தாமதம் இவ்வளவு, சரிவு இவ்வளவு" என்று அட்டவணை போடுவது ஒரு வழி. அது விவரிக்கும், விளக்காது. பின்கே, வட்ஸ்கி என்பவர்களின் இரண்டு படிச் சமன்பாடு இன்னொரு வழி; பொருந்தும், ஆனால் முறிவையும் துணைநிலைக் கருவாக்கத்தையும் ஒரே படிக்குள் போட்டு மூடிவிடும். 2016இல் கேம்பிரிஜ் குழு அமைலோஃபிட் என்ற இலவச மென்பொருளை இணையத்தில் வைத்தது. எல்லாச் செறிவுகளின் வளைவுகளையும் ஒரே வீத மாறிலிகளால் ஒன்றாகப் பொருத்தும். நான் அதையே சொன்னேன், ஒரு நிபந்தனையோடு: முதலில் வரைபுத்தாளில் கையால் மடக்கை வரைபு போட்டுப் படித்திறனைப் பார்த்துவிட்டுத்தான் அதைத் திறக்க வேண்டும். மென்பொருளில் மாறிலிகளைக் கூட்டிக்கொண்டே போனால் எதுவும் பொருந்திவிடும்.

நாலு செறிவு எடுத்தோம்: மில்லிலீற்றருக்கு 0.5, 1, 2, 4 மில்லிகிராம். ஒவ்வொன்றுக்கும் எட்டு நேரம், மூன்று தரம், 96 குழாய். குழாய்க்கு 100 மைக்ரோலீற்றர் என்றால் மொத்தம் 18 மில்லிகிராம் இன்சுலின். கணக்கு அழகாக வந்ததும் உடனே நேரங்களையும் எழுதப் போனாள். நிறுத்தினேன். 0.5க்கும் 4க்கும் இடையில் 8 மடங்கு. படித்திறன் -0.5 என்றால் அரைநேரங்கள் 2.8 மடங்குக்குள் அடங்கும், எல்லாவற்றையும் ஒரே பகலில் முடிக்கலாம். -1.5 என்றால் 22 மடங்குக்கு மேல். 4 மில்லிகிராமுக்கு இரண்டு மணி நேரம் என்றால் 0.5க்கு 45 மணி நேரம். திரும்பவும் என்னுடைய பத்து நாள் கதை. அவ்வளவு நேரம் சூடான அமிலத்தில் கிடந்தால் இன்சுலினும் இரசாயன மாற்றம் அடையத் தொடங்கும். ஆகவே முதல் கிழமை 2இலும் 4இலும் மட்டும் ஓட்டிப் பார்த்து, அந்த இரண்டு அரைநேரங்களின் விகிதத்தைப் பார்த்த பிறகுதான் மற்ற இரண்டு செறிவுகளும் எவை என்று முடிவு செய்ய வேண்டும். பச்சைத் தேயிலை அதற்கும் பிறகு, சாறாக அல்ல, சுத்தமான ஈ.ஜீ.சீ.ஜீயாக, மேடம் வாங்கித் தந்தால்.

சித்தி சோறு போட்டுவிட்டு இரண்டு தரம் கூப்பிட்டுவிட்டார். தங்கச்சி கொப்பியின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, முதல் இரண்டு பெயர்களின் மேலும் கோடு இழுத்தாள். இன்சுலினைச் சுற்றி வட்டம் போட்டாள். பாலின் மேல் கோடு இழுக்கவில்லை. பக்கத்தில் "அண்ணேக்கு, தை மாசம்" என்று எழுதினாள்.